சுவரை அறிந்து சுமையை ஏற்றுவோம்



‘சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்’ என்னும் பழமொழியை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பிக்கிறேன். உடல்நலத்துக்கு எடுத்துக்காட்டாக அதனைச் சொல்லிவிட்டு அடுத்த பழமொழிக்குச் சென்றுவிடுவது வழக்கம். அந்தச் சுவரையே நேராக நோக்கும்படி சென்ற ஆண்டு கெலாங் பாத்தாவிலுள்ள என் வீட்டில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சுவரில் பொருத்தியிருந்த பூசைப் பலகையில் என் மகள் விளக்கேற்றிவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பினாள். பத்து எண்ணுவதற்குள் பெருஞ்சத்தம். பலகை, சாமிப் படங்கள், பித்தளை விளக்கு யாவும் தரையில் கிடந்தன. உடைந்த கண்ணாடிகளுக்கு நடுவே திரி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சற்று முன்னர் அவள் நின்றிருந்த இடம் அது.

எல்லாவற்றையும் துப்புரவு செய்த பின்னர், பிடுங்கிக்கொண்டு வந்த திருகாணியை எடுத்துப் பார்த்தேன். அது வளையவில்லை, ஒடியவுமில்லை. நாம் ‘வால் பிளக்’ என்று வழங்கும் நெகிழிச் செருகியும் முழுமையாகவே இருந்தது. செருகியின் நீளம் 25 மில்லிமீட்டர். துளையின் விளிம்பில் சிமெண்டுப் பூச்சை அளந்தேன். ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் இருந்தது. ஆக, செங்கல்லுக்குள் சென்றிருந்தது வெறும் 5 மில்லிமீட்டர். இத்தனை நாளும் எங்கள் தெய்வங்களைத் தாங்கியது சுவரன்று, சுவரின் மேற்பூச்சு!

பொருத்தித் தந்தவரைக் குறை கூறுவது எளிது. அவர் வேலை செய்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். கூலியைப் பற்றிப் பேசினேனே தவிர, ‘இது என்ன சுவர்? எவ்வளவு நீளச் செருகி?’ என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குற்றத்தில் பாதி என்னுடையது.

இந்தக் கேள்வி நமக்குத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. நம்மில் பலர் தோட்டத்துப் பலகை வீடுகளில் வளர்ந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். பலகைச் சுவரில் ஆணி அடித்தால் மரநார் விலகி, மீண்டும் நெருக்கி அதனைப் பற்றிக்கொள்ளும். அப்பா ஓர் ஆணி அடித்தார். படம் முப்பது ஆண்டுகள் தொங்கியது. தாமான் வீட்டுக்குக் குடிவந்த நாம், அதே பழக்கத்தையும் உடன் கொண்டுவந்துவிட்டோம். செங்கல்லும் சிமெண்டும் மரம்போல் நெகிழா. ஆணி அவற்றை நொறுக்கும்.

அதனால்தான் முற்காலத் தச்சர்கள் சுவரைக் கொத்தி, மரமுளையை இறுக்கி, அதன்மேல் ஆணி அடித்தனர். 1911இல் இங்கிலாந்தின் ஜான் ஜோசப் ராலிங்ஸ் சணல் நாரால் ஆன செருகிக்குக் காப்புரிமை கோரினார். 1958இல் செருமனியின் ஆர்தூர் ஃபிஷர் நைலான் செருகியை உருவாக்கினார். கருத்து ஒன்றே: திருகாணி உள்ளே செல்லச் செல்லச் செருகி விரிந்து, துளையின் பக்கங்களை நெருக்கிப் பிடிக்கிறது. பக்கங்கள் உறுதியாக இல்லாவிடில் எவ்வளவு விலையுயர்ந்த செருகியாலும் பயனில்லை.

ஆகவே, கடைக்குச் செல்லுமுன் சுவரைத் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஒலி வந்தால் செங்கல்லோ கான்கிரீட்டோ இருக்கலாம். ‘டொம்’ என்று வெற்றொலி வந்தால் ஜிப்சம் பலகைத் தடுப்பாக இருக்கலாம். துளையிடும்போது உதிரும் தூளும் பேசும். சிவப்புத் தூள் செங்கல். கடினமாகத் துளைபட்டு வரும் சாம்பல்நிறத் தூள் கான்கிரீட். எளிதில் உதிரும் வெளிர்நிறத் தூள் இலேசான கற்பாளம். சுண்ணாம்புக்கட்டிபோல் வெண்தூள் வந்து, துளைக்கருவி சட்டென உள்ளே பாய்ந்தால் ஜிப்சம் பலகை. அதன் பின்புறம் வெற்றிடம். சாதாரணச் செருகி அங்கே நெருக்குவதற்கு ஒன்றுமில்லை. பின்புறம் சென்று சிறகுபோல் விரியும் வகையே அதற்கு ஏற்றது. சுமை மிகுதியானால் உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தைத் தேடி, அதிலேயே திருகாணியைச் செலுத்த வேண்டும்.

அடுத்து, ஒரு சிறு கணக்கு. பலகையின் முன்விளிம்பில், சுவரிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி, 10 கிலோ பொருள் இருக்கிறது எனக் கொள்வோம். பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் மேல் திருகாணிக்கும் கீழ்முனைக்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர் என்றால், மேல் திருகாணியை வெளியே இழுக்கும் விசை 10 × 25 ÷ 20, அதாவது 12.5 கிலோ எடைக்கு நிகர். இடைவெளி 5 சென்டிமீட்டராகக் குறைந்தால் அதுவே 50 கிலோவுக்கு நிகராகிவிடும்! பொருள் ஒன்றே, எடை ஒன்றே. எனவே, தாங்கியின் நீண்ட பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கட்டும். கனமான பொருளைச் சுவரை ஒட்டி வையுங்கள்.

பொருத்தும் முறையில் கவனிக்க வேண்டியவை:

1. செருகியின் நிறத்தை நம்ப வேண்டா. அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எண்ணைப் பாருங்கள். 8 மில்லிமீட்டர்ச் செருகிக்கு 8 மில்லிமீட்டர்த் துளை.

2. துளை, செருகியின் நீளத்தைவிட 10 மில்லிமீட்டராவது ஆழமாக இருக்கட்டும். துளைக்கும் கம்பியில் ஒட்டுநாடாவைச் சுற்றி அளவை அடையாளமிடுங்கள்.

3. துளையிலுள்ள தூளை முற்றாக அகற்றுங்கள். தூள் இருந்தால் செருகி வழுக்கும்.

4. இலேசான கற்பாளத்திலும் உள்ளீடற்ற கல்லிலும் சுத்தியல் விசையை நிறுத்திவிட்டுத் துளையிடுங்கள்.

5. மின்விசைக்கும் பிளக் பொருத்துமிடத்துக்கும் நேர்மேலோ நேர்கீழோ துளையிடாதீர்கள். சுவருக்குள் மின்கம்பி செல்லும் பாதை அது. கண்ணாடி அணிந்து கண்களையும் காத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் தொங்குவன மட்டுமல்ல, தரையில் நிற்கும் உயரமான அலமாரிகளையும் சுவரோடு பிணைக்க வேண்டும். 2016இல் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் இழுப்பறை அலமாரிகளை மீட்டுக்கொள்வதாக அறிவித்தது. சுவரோடு பிணைக்காத நிலையில் அவை சரிந்து குழந்தைகள் இறந்ததே காரணம். இழுப்பறைகளைப் படிக்கட்டாக எண்ணி ஏறுவது குழந்தை இயல்பு. ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நான் இதனை நன்கறிவேன்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதற்பாடம், மாணவனின் முன்னறிவை அறிந்த பின்னரே பாடத்தைத் தொடங்கு என்பது. சுவருக்கும் அதுவே விதி. இதனைக் கைத்தொழிலாளர் அறிந்தால் போதும் என்று ஒதுங்குவது சரியன்று என்பதே என் கருத்து. வேலையை வேறொருவர் செய்யலாம். கேள்வி கேட்க வேண்டியவர்கள் வீட்டார்தாம். ஒரு பொட்டலம் நல்ல செருகிக்குச் சில ரிங்கிட் கூடுதலாகும். நாம் பேரம்பேசி மிச்சம் பிடிப்பதும் அவ்வளவுதான்.

எங்கள் பூசைப் பலகை மீண்டும் சுவரேறிவிட்டது. இம்முறை 40 மில்லிமீட்டர்ச் செருகியைப் பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் இறக்கி, 70 மில்லிமீட்டர்த் திருகாணியால் முடுக்கினோம். சுவரைத் தட்டிப் பார்த்தவளும், ஒட்டுநாடாவில் அளவு குறித்தவளும் என் மகள்தான். சிவப்புத் தூள் உதிர்ந்ததும், “அப்பா, செங்கல் வந்துவிட்டது!” என்று கூவினாள்.

இன்று மாலை உங்கள் வீட்டுச் சுவரையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள், அன்பர்களே!