சப்பாத்துக்கு முன் சட்டம்

பொலிஸ் சேவையில் தமிழ் இளைஞர் சேரவேண்டுமென்ற அழைப்பு, போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணத்தில் பலமுறை ஒலித்திருக்கிறது. ஒலிக்கும்போதெல்லாம் நம்மவரிடையே இரு குரல்கள் எழுகின்றன. காக்கிச் சட்டைக்குள் நம் பிள்ளைகள் புகுந்துவிட்டால் நம் துன்பம் தீரும் என்பது ஒன்று. அச்சட்டையைத் தொடுவதே துரோகம் என்பது மற்றொன்று. இரண்டும் சட்டையைப் பற்றியே பேசுகின்றன. அதனை அணியுமுன் ஓர் இளைஞனுக்கு என்ன கற்பிக்கப்படுகிறது என்று கேட்பாரைக் காணோம். கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட ஆசிரியரும், கற்றலைக் கடனாகக் கொண்ட மாணவரும் கேட்கவேண்டிய முதற் கேள்வி அதுவன்றோ?

இலங்கைப் பொலிஸ் மக்களின் வேண்டுகோளால் பிறந்ததன்று. 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனைப் படைத்தது. 1866 செப்டெம்பரில், பம்பாய் மாகாணத்தின் இரத்தினகிரியிலிருந்து வந்த கம்பெல் என்ற ஆங்கிலேய ஆட்சியின் அதிகாரி அதன் தலைமையை ஏற்றார். அயர்லாந்து மக்களை அடக்கிவைப்பதற்கென அமைக்கப்பட்ட ஆயுதந்தாங்கிய பொலிசே குடியேற்ற நாடுகள் பலவற்றுக்கும் முன்மாதிரியாயிற்று. பாசறை வாழ்வு, அணிவகுப்பு, மேலோன் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்ற பழக்கம் ஆகியவை அந்த மரபின் சொத்துக்கள். ஆங்கிலேயர் 1948 இல் போயினர். அவர்கள் இயற்றிய அதே கட்டளைச் சட்டம் திருத்தங்களுடன் இன்றும் நம்மை ஆள்கிறது.

களுத்துறையில் கட்டுகுருந்தையிலும் மட்டக்களப்பில் கல்லடியிலும் பொலிஸ் பயிற்சிக் கல்லூரிகள் உள்ளன. அங்கு செல்லும் இளைஞன் யார்? பெரும்பாலும் கமக்காரனின் மகன், கூலித் தொழிலாளியின் மகன். வேறு வேலை கிடையாமையால் செல்பவன். உயரத்தையும் மார்பளவையும் அளந்து அவனைச் சேர்க்கின்றனர். நடையையும் சலாமையும் துப்பாக்கியையும் பழக்குகின்றனர். சட்டமும் பாடத்திட்டத்தில் உண்டு. அதனை மறுப்பார் இல்லை. ஆனால், பாடத்திட்டத்தில் இருப்பதெல்லாம் மாணவன் மனத்தில் இருப்பதில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியாததா? நாள்தோறும் உடலாற் பயின்றது நிலைக்கும். ஒப்புக்குக் கேட்ட விரிவுரை மறையும். கீழ்ப்படியப் பயின்றவன் கீழ்ப்படுத்தவே அறிவான்.

அவன் நிலைக்கக் கற்கவேண்டியது யாது? எவரையும் சித்திரவதை செய்தலாகாது என்கிறது அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை. சித்திரவதை செய்பவனுக்கு ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை என்கிறது 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம். பிடியாணையின்றிக் கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும் என்கிறது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம். பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதல் செல்லாது என்கிறது 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம். செல்லாத ஒப்புதலுக்காக ஏன் அடிக்கவேண்டும்? தடயம் தேடவும், சாட்சியைப் பொறுமையுடன் விசாரிக்கவும் பழகாத கை தடியைத் தேடுகிறது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமும் அவருக்கு மேற்பட்டோரிடமும் அளித்த ஒப்புதல் செல்லுமென்று கூறி, அந்தத் தடிக்கு ஒரு பின்கதவைத் திறந்துவிட்டது.

இதன் விலையை நாம் அறிவோம். 2016 ஒக்டோபர் 20 ஆம் நாள் இரவு, கொக்குவில் குளப்பிட்டியில், திருநெல்வேலியிலுள்ள நம் பல்கலைக்கழகத்தின் மாணவர் இருவர் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டினால் உயிரிழந்தனர். முதலில் அது வீதி விபத்தென்றே சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனை உண்மையைச் சொன்னது. பொலிசார் ஐவர் கைதாயினர். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிசாரால் கைதான இளைஞர் ஒருவர் விளக்கமறியலில் இருந்த காலத்தில் இறந்தார். தாம் வதைக்கப்பட்டதை அவரே விவரித்த காணொளி நாடெங்கும் பரவிற்று.

இது தமிழனுக்கு மட்டும் நேர்ந்த கதி என்று எண்ணுவோர் தெற்கை நோக்குக. 1971 இலும் 1988–89 இலும் சிங்கள இளைஞர் பட்ட பாடு சிறிதன்று. மிரிஹானையில் வதைபட்ட ஒரு சிங்களவரின் வழக்கில், அவருடைய அடிப்படை உரிமையை மீறினோருள் ஒருவரென 2023 டிசம்பர் 14 இல் உயர் நீதிமன்றம் கண்டவர், அன்று பதில் பொலிஸ் மா அதிபராக இருந்தவரே. 2024 இல் அவரைப் பொலிஸ் மா அதிபராகவே நியமித்தனர். 2025 இல்தான் பாராளுமன்றம் அவரை நீக்கிற்று. தலைமைக்கு அத்தகையோரை உயர்த்துமிடத்தில் பயிலுனன் கற்கும் உண்மையான பாடம் எது?

ஆகவே, தமிழ் முகங்களைக் கூட்டினாற் போதும் என்பது மயக்கம். அதே பயிற்சி தமிழன் கையிலும் அதே தடியைத்தான் தரும். ஆயினும் மொழி அற்பமானதன்று. வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழியென 1988 இல் 16 ஆம் திருத்தம் விதித்தது. பொலிஸ் நிலையங்களில் இருமொழி உத்தியோகத்தர் 24 மணித்தியாலமும் இருக்கவேண்டுமென 2011 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு பரிந்துரைத்தது. திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கும் ஒரு பெண், தன்னால் வாசிக்க முடியாத முறைப்பாட்டின் கீழ் ஏன் கையொப்பம் இடவேண்டும்? முறைப்பாட்டாளரின் மொழியில் முறைப்பாட்டை எழுதத் தெரியாத கொன்ஸ்தாபிள் எவ்வளவு நேர்த்தியாக நடைபோட்டாலும் பயிற்சி முடித்தவனாகான்.

மாற்றம் இயலாதா? முன்மாதிரியைத் தந்த அயர்லாந்தையே பார்ப்போம். வட அயர்லாந்துப் பொலிசில் கத்தோலிக்கர் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவிலேயே இருந்தனர். 1999 இல் பற்றன் ஆணைக்குழு, ஆட்சேர்ப்பில் பாதி கத்தோலிக்கருக்கு என்றது. அத்துடன் நில்லாது, உறுதிமொழியையும் பயிற்சியையும் மனித உரிமையின் அடிப்படையில் மாற்றுமாறு கோரிற்று. 2001 இல் புதிய சேவை பிறந்தது. பத்தாண்டில் கத்தோலிக்கர் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதாயினர். அங்கு ஆளையும் மாற்றினர், பாடத்தையும் மாற்றினர்.

இங்கோ, மாகாணப் பொலிசுக்கு 1987 இலேயே இடமளித்த 13 ஆம் திருத்தத்தின் பொலிஸ் அதிகாரங்கள் ஏட்டில் உறங்குகின்றன. அவற்றை எழுப்புக என்று கோருவோம். வடக்கில் தமிழில் நடக்கும் பயிற்சிக் கல்லூரி வேண்டும். வடக்கில் பணிபுரியவரும் சிங்கள இளைஞனுக்குத் தமிழும், தெற்கே செல்லும் தமிழ் இளைஞனுக்குச் சிங்களமும் தேறாமல் நியமனம் கூடாது. சட்டமும் சாட்சியமும் அணிவகுப்புக்கு முந்திய பாடங்களாகவேண்டும்.

அரசு அசையும்வரை நாம் வாளாவிருக்க வேண்டுவதில்லை. சாதாரணதர வகுப்பில் நம்முன் இருக்கும் பிள்ளைகளுள் நாளை கைதுசெய்யப்படுபவனும் உளன், கைதுசெய்பவனும் உளன். 11 ஆம் உறுப்புரையையும் 24 மணித்தியால விதியையும் இருவருக்கும் ஒரே வாங்கில் வைத்துக் கற்பிப்போம். அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.