காருக்குச் சரிவு, அத்தைக்குப் படி

பதினைந்து வருட வாடகை வாழ்க்கைக்குப் பிறகு, பெங்களூரில் 30க்கு 40 மனையில் சொந்த வீடு கட்டிக் குடிபோனோம். கிரகப்பிரவேசத்திற்குத் திருச்சியிலிருந்து என் அத்தை வந்திருந்தார். பக்கவாதத்திற்குப் பின் அவருக்குச் சக்கர நாற்காலிதான். வாசலில் மூன்று படிகள். இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். அன்று முழுவதும் அத்தை காபிகூடக் குடிக்கவில்லை. "விரதம்" என்றார். மாலையில் என் மனைவிதான் காரணத்தைச் சொன்னாள். எங்கள் பாத்ரூம் கதவில் அந்த நாற்காலி நுழையாது. அதைக் காலையிலேயே அத்தை கவனித்துவிட்டார்.

தெருவிலிருந்து கார் ஏறுவதற்குச் சரிவு போடச் சொன்னவன் நான். அத்தை ஏற ஒரு சரிவு வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எலினார் ஸ்மித் என்ற பெண்மணி, சிறு வயதிலேயே போலியோவால் பாதிக்கப்பட்டவர், 1987இல் இதற்காகவே ஓர் இயக்கம் தொடங்கினார். அவர் கேட்டவை மூன்றே: படியில்லாத ஒரு வாசல், 32 அங்குலம் தாராளமாக வழிவிடும் கதவுகள், தரைத் தளத்தில் ஒரு கழிவறை. மாற்றுத்திறனாளிகளின் வீட்டில் மட்டுமல்ல, புதிதாகக் கட்டும் எல்லா வீடுகளிலும்! அவர்களும் நாலு வீட்டுக்கு விருந்தாளியாகப் போக வேண்டாமா? அரசு உதவி பெற்றுக் கட்டும் வீடுகளுக்கு 1992இல் அட்லாண்டா இதை விதியாக்கியது. 2002இல் அரிசோனாவின் பிமா கவுன்டி எல்லாப் புது வீடுகளுக்கும் விதித்தது. வீடு கட்டுவோர் வழக்குத் தொடுத்தார்கள், தோற்றார்கள்.

நம் நாட்டில் 1995, 2016ஆம் ஆண்டுச் சட்டங்களின் கவனமெல்லாம் பொதுக் கட்டடங்கள் மீதுதான். நம் வீட்டு விஷயத்தை நாமும் மேஸ்திரியும்தான் முடிவு செய்ய வேண்டும்.

"மழைத் தண்ணீர் உள்ளே வருமே" என்பார்கள். நியாயமான கவலைதான். அதற்காகத் தளத்தைத் தாழ்த்த வேண்டாம். சரிவு போட்டால் போதும். ஓர் அங்குல உயரத்திற்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. ஒன்றரை அடி உயர வாசலுக்கு 18 அடி. பக்கவாட்டு சந்திலேயே அடங்கிவிடும். "எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லையே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊரிலிருக்கும் பெற்றோர், தள்ளாத காலத்தில் நம்மிடம்தானே வந்து சேர்கிறார்கள்? நமக்கு மட்டும் வயதாகாதா?

கட்டும்போதே கதவை அரை அடி அகலப்படுத்தப் பெரிய செலவில்லை. புது டைல்ஸை உடைத்துச் சுவரை இடித்துச் செய்த எனக்குத்தான் அந்தச் செலவு தெரியும். சரிவும் போட்டாகிவிட்டது. அத்தைக்கு போன் செய்து சொன்னேன். "அப்ப பொங்கலுக்கு வர்றேன்டா, காபி போட்டு வை" என்றார்.

வீடு கட்டப்போகும் அன்பர்களே, பிளான் போடும் அன்றே இதை நினைவில் வையுங்கள்.