புதூர்நாட்டு மரங்களைத் தரையிலும் எண்ணுங்கள்

தமிழ்நாட்டின் வனப்பரப்பு 26,419 சதுர கிலோமீட்டர், அதாவது மாநிலத்தின் 20.31 விழுக்காடு என்கிறது 2021-ஆம் ஆண்டு இந்திய வனநிலை அறிக்கை. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் போடும் கணக்கு இது. அந்தப் படத்தின் ஒரு புள்ளி 23.5 மீட்டர் சதுரம். நம் கணக்கில் ஏறத்தாழ 14 சென்ட். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கிளைகள் பத்தில் ஒரு பங்காவது கவிந்திருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்று கேட்பதில்லை. இந்த அளவுகோலின்படி, ஜவ்வாது மலையில் புதூர்நாட்டின் சாமைக் கொல்லையை ஒட்டிய பெரிய மாந்தோப்பும் அதற்கு மேலே கிடக்கும் காப்புக்காடும் ஒரே பத்தியில் விழும். மாநிலத்துக்கு மொத்தமாக ஓர் எண் வேண்டுமானால் இது போதும். புதூர்நாட்டுக் காட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால் இதில் பதில் கிடையாது.

சந்தனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலைக்குப் பெயர் தேடித்தந்த மரம். கடத்தலில் பெருமளவு அழிந்த மரமும் அதுதான். அண்டை மரங்களின் வேரிலிருந்து நீரையும் சத்தையும் உறிஞ்சி, அவற்றின் இடையே வளரும் சிறு மரம் என்பதால் அதை வெட்டி எடுத்தாலும் மேலே கிளைப்போர்வை கிழிவதில்லை. படம் அப்படியே பச்சையாக இருக்கும். வெட்டிய இடத்தில் உண்ணிச்செடி புகுந்தாலும் வானிலிருந்து அதுவும் பச்சைதான். போதாக்குறைக்கு ஜவ்வாது மலைக் காடு இலையுதிர் காடு. ஐப்பசியில் எடுத்த படத்தையும் பங்குனியில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மலை என்று நம்புவது கடினம்.

இதனால் செயற்கைக்கோளை ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்குத் தவறான வேலையைக் கொடுத்திருக்கிறோம் என்பதே என் வாதம். 2016 முதல் நாடு முழுவதையும் 5 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஐந்தாண்டுச் சுற்றில் தரையிலும் மரங்களை அளந்து வருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு போன்ற சிறு பகுதிகளுக்குள் விழும் கட்டங்கள் சொற்பம்; அவற்றை வைத்து உள்ளூருக்கு நம்பகமான கணக்குச் சொல்ல முடியாது. மலை முழுக்க ஆளனுப்பி அளக்கவோ பணம் போதாது. தொலையுணர்வு கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான். உயரம், அடர்த்தி, இலையுதிரும் பருவம் ஆகியவற்றைக் கொண்டு காட்டை முதலில் வகைபிரித்து, ஒவ்வொரு வகையிலும் சில இடங்களை மட்டும் தேர்ந்து, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் மரத்தில் நாடா சுற்றி அளந்து, இனத்தின் பெயரோடு பதிய வேண்டும். அந்த அளவுகளைக் கொண்டு மற்ற இடங்களைக் கணிக்கலாம். பின்லாந்து 1990 முதல் இப்படித்தான் சிறு நிர்வாகப் பகுதி வரை கணக்குத் தருகிறது. நமக்கும் கருவி வந்துவிட்டது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை ரேடாரால் நிலத்தைப் படமெடுக்கிறது. அதன் நீண்ட அலை இலைகளைக் கடந்து கிளையிலும் அடிமரத்திலும் பட்டுத் திரும்பும். மிக அடர்ந்த மழைக்காட்டில் அது தடுமாறும். ஜவ்வாது மலை போன்ற வறண்ட காட்டில் அந்தக் குறை அவ்வளவு பெரிதல்ல.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு தரையில் ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தரையில் அளந்த மரங்களைக் காட்டித்தான் அந்தக் கணினிக்கே பாடம் சொல்ல முடியும். அளவு இல்லாவிட்டால் அது ஊகம்தான். இன்னொரு ஆட்சேபம் கனமானது. இந்தப் படங்களைக் காட்டியே தங்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லிவிடுவார்களோ என்று இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் அஞ்சினால் அதில் நியாயம் இருக்கிறது. இதற்கு வழி ஏற்கெனவே உள்ளது. வன உரிமைச் சட்டத்தின் 2012 திருத்த விதிகள், செயற்கைக்கோள் படம் மற்ற சான்றுகளுக்குத் துணையாகலாமே தவிர, அவற்றின் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்கின்றன. அதை எழுத்தளவில் விட்டுவிடாமல், அளக்கும் வேலையையே ஊர் இளைஞர்களுக்குக் கூலியோடு கொடுக்கலாம். கடுக்காயும் புளியும் பொறுக்கிப் பழகியவர்களுக்கு மர இனம் தெரியும். வெளியிலிருந்து வருபவர் புத்தகத்தைப் புரட்டியாக வேண்டும்.

2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காடும் மரமும் சேர்ந்த பரப்பைப் பத்தாண்டுகளில் 33 விழுக்காடாக உயர்த்தப் போவதாகச் சொல்கிறது. பரப்பை மட்டும் பார்த்தால் தோப்புகளை வளர்த்தே அந்த எண்ணை எட்டிவிடலாம். ஆகவே வனத்துறை புதூர்நாட்டில் ஒரு முன்னோட்டக் கணக்கெடுப்பை நடத்தி, எந்த இனம் எவ்வளவு என்ற விவரத்தை ஊர்வாரியாக, தமிழில், கிராம சபையில் வைக்க வேண்டும்.