சின்னம் மாறிப் போட்டவர்களுக்கு

வடமராட்சியில் இருக்கும் என் ஊர்ச் சனத்துக்கு,

மாகாணசபைத் தேர்தல் வரும் என்ற கதை கிளம்பினாலே இங்கே கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் ஆட்களுக்குக் காய்ச்சல் பிடித்துவிடும். மரக்கறிக் கடை வாசலிலும் கோயில் மண்டபத்திலும் ஒரே புலம்பல்: "யாழ்ப்பாணத்துச் சனம் கட்சி மாறிப்போச்சு. இந்தமுறையாவது வீட்டுக்குத் திரும்ப வேணும்." வேறு சிலர் இதற்கு நேரெதிர்: "திசைகாட்டியோட நில்லுங்கோ. அரசாங்கம் இருக்கிற பக்கம் நிண்டாத்தான் வேலை நடக்கும்." வீடு தமிழரசுக் கட்சியின் சின்னம், திசைகாட்டி ஆளும் தேசிய மக்கள் சக்தியின் சின்னம். இரண்டு பகுதியும் சொந்தக்காரருக்குத் தொலைபேசி எடுத்து அறிவுரை சொல்கிறது. வெளிநாட்டிலிருந்தபடி இலங்கைத் தேர்தலில் வாக்குப்போட வழியில்லை. ஆகவே சொல்கிறவருக்கு இதில் ஒரு சதம் நட்டமும் இல்லை.

எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போடுவது என்று நான் எழுதப்போவதில்லை. மாறலாமா என்று கேட்டால் மட்டும் என்னிடம் பதில் இருக்கிறது. தாராளமாக மாறலாம், அதில் துரோகம் ஒன்றும் இல்லை. என் பயமெல்லாம் வாக்குகள் சிதறுவதைப் பற்றித்தான்.

துரோகக் கதை கதைக்கிறவர்களின் சொந்தக் கணக்கை முதலில் பாருங்கள். 2011இல் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதியில் லிபரல் கட்சியைக் கைவிட்டுப் புதிய ஜனநாயகக் கட்சிக்கு மாறித்தான் ராதிகா சிற்சபைஈசனைக் கனடாவின் முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ஆக்கினோம். 2015இல் பக்கத்து ஸ்காபரோ–ரூஜ் பார்க்கில் லிபரல் கட்சியின் கெரி ஆனந்தசங்கரி வென்றார். 2018 ஒன்ராறியோ மாகாணத் தேர்தலில் அதே பகுதியில் பழமைவாதக் கட்சியின் விஜய் தணிகாசலம் வென்றார். செம்மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஒரே வீட்டு முற்றத்தில் மூன்று நிறப் பதாகையும் ஏறி இறங்கின. வேட்பாளரைத் தெரிவுசெய்யும் கூட்டத்துக்கு முன்னால் ஆள் சேர்ப்பதில் எங்கள் ஆட்கள் விண்ணர்கள்; போன தேர்தலில் நீ எந்தக் கட்சியில் இருந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. இங்கே இது கெட்டித்தனம் என்றால் அங்கே மட்டும் எப்படித் துரோகமாகும்?

யாழ்ப்பாணம் என்றைக்கும் ஒரே சின்னத்தோடு இருந்தது என்பதும் பின்னாளில் கட்டிய கதைதான். 1949 டிசம்பரில் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய செல்வநாயகத்தையே 1952இல் காங்கேசன்துறை தோற்கடித்தது. வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் நடேசன். நாலு வருடத்தில் அதே தொகுதி திரும்பிச் செல்வநாயகத்தை அனுப்பியது. தமிழரசு அலையடித்த அந்த 1956இலேயே எங்கள் பருத்தித்துறை, பொதுவுடைமைக் கட்சியின் பொன். கந்தையாவைத் தெரிவுசெய்தது. அவர் நாடாளுமன்றத்தில் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துத்தான் பேசினார். எங்கள் பாட்டன்மார் ஆளையும் காலத்தையும் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

இனி நாடாளுமன்றத் தேர்தல் நடந்த 2024 நவம்பர் 14க்கு வருவோம். அன்றைக்கு "யாழ்ப்பாணம் மாறிவிட்டது" என்று கொழும்புப் பத்திரிகைகளும் எழுதின, இங்குள்ளவர்களும் அழுதார்கள். கணக்கு வேறு கதை சொல்கிறது. திசைகாட்டிக்கு விழுந்த வாக்கு 80,830, வீட்டுக்கு 63,327. செல்லுபடியான வாக்கில் நாலில் ஒரு பங்குதான் திசைகாட்டிக்கு. ஆனால் ஆறு ஆசனத்தில் மூன்று அவர்களுக்குப் போனது. வீட்டுக்கு ஒன்று, தமிழ்க் காங்கிரசின் சைக்கிளுக்கு ஒன்று, ஊசிச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழு 17க்கு ஒன்று. மாவட்டத்தில் முதலாவதாக வருகிற கட்சிக்கு ஓர் ஆசனம் மேலதிகமாகக் கிடைக்கும். ஐந்து வீதத்துக்குக் கீழே நிற்பவர்களின் வாக்கு ஆசனக் கணக்குக்குள் வரவே வராது. ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியின் சங்கு, ஈபிடிபியின் வீணை என்று மிச்ச வாக்குகள் போய் ஒதுங்கிய இடங்களில் ஆசனமே இல்லை. சுயேச்சைக் குழுக்களின் இலக்கம் 17ஐயும் தாண்டிப் போனதைப் பாருங்கள். ஆறு கதிரைக்கு அத்தனை பேர்! கால்வாசி அரைவாசியான வித்தை இவ்வளவுதான். திசைகாட்டிக்குப் போட்டவர்கள் ஒரு முடிவெடுத்துப் போட்டார்கள், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுச் சின்னக் கட்சியின் மேல் வந்த கோபத்தை ஆளுக்கொரு சின்னத்தில் இறக்கி வைத்தவர்கள்தான் தங்களுக்கே தெரியாமல் முடிவை மாற்றினார்கள்.

கோபத்துக்கு வேறு வழியும் வாக்குச்சீட்டிலேயே இருக்கிறது. கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு மூன்று விருப்பு இலக்கம் வரை அடையாளம் இடலாம். அதே தேர்தலில் வீட்டுக்குப் போட்டவர்கள் அதன் வேட்பாளர்களில் சிறீதரனை நாடாளுமன்றத்துக்கு அனுப்பி, சுமந்திரனை வீட்டில் இருத்தினார்கள். சரியோ பிழையோ, கட்சியை மாற்றாமலே ஆளை மாற்றிக் காட்டினார்கள். விருப்பு இலக்கத்தை வெறுமையாய் விட்டுவிட்டு வருகிறவர், ஆளைத் தெரிவுசெய்யும் வேலையை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வருகிறார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2025 மார்ச் 28இல் வடக்குக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காணிக்கு வர்த்தமானி வந்தது: உரிமை கோராவிட்டால் அரசுக்கு. இடம்பெயர்ந்து உறுதியைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர், வெளிநாட்டில் இருக்கும் உரித்துக்காரர் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வீடு மறுபடி முன்னுக்கு வந்தது. மே மாதக் கடைசியில் அரசாங்கம் அந்த வர்த்தமானியை மீளப்பெறுவதாக அறிவித்தது. தேர்தல் முடிவு மட்டும் இதைச் செய்தது என்று சொல்லமாட்டேன். எல்லாப் பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு இருந்தது. ஆனால் நவம்பரில் வந்த வாக்கு மேயில் திரும்பிப் போகும் என்று ஒரு கட்சி கண்ணால் கண்டது. அசையாத வாக்குக்கு அப்படி ஒரு பலன் கிடைத்திருக்குமா?

வீட்டுக்காரரிடமும் அசையாத வாக்குக்குப் பலன் கிடைக்கவில்லை. 2013 செப்டெம்பரில் வடமாகாணசபையின் 38 இடங்களில் 30ஐ வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தீர்கள். அதைவிட ஒற்றுமை யாரால் காட்ட முடியும்? 2017 யூனில் சொந்த உறுப்பினர்களே தங்கள் முதலமைச்சர் விக்னேஸ்வரனுக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுபோனார்கள். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது, பிறகு தேர்தலே இல்லை. அந்த ஐந்து வருடக் கணக்கை இன்னும் ஒருவரும் உங்கள் முன்னால் வைக்கவில்லை. வாக்குக் கேட்டு வரும்போது அதைத்தான் முதலில் கேளுங்கள்.

திசைகாட்டிக்காரர் வந்தால் அவர்களுக்கும் கேள்வி உண்டு. 34 வருடம் மூடிக் கிடந்த பலாலி–அச்சுவேலி வீதி 2024 நவம்பர் 1இல் திறந்தது நல்ல காரியம். தேர்தலுக்கு இரண்டு கிழமைக்கு முன் திறந்தது என்பதற்காக அதில் நடக்காமல் விடத் தேவையில்லை. ஆனால் வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாதென்று 2006இல் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியது அவர்களுக்குள் முதன்மையாய் இருக்கும் மக்கள் விடுதலை முன்னணியின் வழக்கு. அந்தக் கட்சி மாகாணசபைக்குக் காணி அதிகாரம் கொடுக்குமா என்பதை யாழ்ப்பாணத்து வேட்பாளர் தன் வாயால் சொல்ல வேண்டும், "தலைமை பார்த்துக்கொள்ளும்" என்பது பதிலாகாது.

சைக்கிள், சங்கு, ஊசி என்று பிரிந்து நிற்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: உங்களுக்குள் எத்தனை பேர் ஒரே பட்டியலில் வரச் சம்மதம்? வேட்புமனு கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது இது. கொடுத்த பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை.

இதற்கெல்லாம் மேடை தேவையில்லை. எங்கள் சனசமூக நிலையத்தில் வாங்குகள் இருக்கின்றன. வருகிறவரை இருத்தி, தேத்தண்ணி கொடுத்துக் கேளுங்கள். சொன்ன பதிலைத் திகதி போட்டு எழுதி, பத்திரிகை மேசைக்கு மேலுள்ள சுவரில் ஒட்டுங்கள். சபைக் காலம் முடியும் மட்டும் அது அங்கேயே கிடக்கட்டும். நிலையத்துக்குப் பத்திரிகைக் காசு வழமைபோல மாதம் பிறக்க வரும். இந்தமுறை தாள் வாங்கவும் கொஞ்சம் கூட்டி அனுப்புகிறோம்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் ஊரவன்