தாத்தா தண்ணீர் கேட்க மாட்டார்!

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. அதையடுத்து அக்கினி நட்சத்திரம். வேலூர், திருத்தணி பக்கம் 105 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல.

வீட்டில் பெரியவர்கள் மோர் கேட்கிறார்கள். குழந்தைகள் ஐஸ் கேட்கிறார்கள். திண்ணையில் இருக்கும் தாத்தா மட்டும் எதுவும் கேட்பதில்லை.

"தண்ணீர் வேண்டுமா, தாத்தா?" என்றால், "வேண்டாம், தாகமில்லை" என்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தாகம் தெரியவில்லை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது!

தாகம் ஏன் தெரிவதில்லை?

வயது ஏற ஏற, தாக உணர்ச்சி மங்கிவிடுகிறது. உடம்பில் நீர் வற்றினாலும் நாக்கு கேட்பதில்லை. வியர்வையும் குறைந்துவிடுகிறது. வியர்வை காயும்போதுதான் உடம்பின் சூடு வெளியேறும். வியர்வை குறைந்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் உடம்பின் நீரைச் சிறுநீராக வெளியேற்றக்கூடியவை.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பாட்டி வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். தண்ணீர் குடித்தால், இரவில் பலமுறை எழுந்து போகவேண்டும். முழங்காலிலோ வலி. கக்கூஸ் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. இருட்டில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? தூங்குகிறவர்களை எழுப்பவும் கூச்சம். ஆகவே, சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுகிறாள்.

பாட்டிக்குத் தண்ணீர் கொடுத்தால் மட்டும் போதாது. போகிற வழியில் ஒரு விளக்குப் போடுங்கள். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வையுங்கள். பயம் போனால் அவளே தண்ணீர் குடிப்பாள்.

பாரிஸில் நடந்தது

கவனிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2003-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரான்ஸ் நாடு அதைக் கண்டது. அது செல்வம் மிகுந்த நாடு. ஆஸ்பத்திரிகளுக்கும் குறைவில்லை. ஆனாலும், கடும் வெயிலில் சுமார் 15 ஆயிரம் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் 75 வயதைத் தாண்டியவர்கள். அங்கே அது விடுமுறை மாதம். பலர் வெளியூர் போயிருந்தார்கள். முதியவர்கள் தனியே இருந்தார்கள்.

உறவினர் என்று சொல்லிக்கொண்டு யாரும் வராத 57 உடல்களைப் பாரிஸ் அருகே அடக்கம் செய்தார்கள். அப்போதைய ஜனாதிபதி சிராக் நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார்.

தமிழ்நாட்டில் மட்டும் என்ன? மகன் சென்னையில், மகள் திருப்பூரில். கிராமத்தில் தகரக் கூரையின்கீழ் தாயார் தனியே இருக்கிறாள்.

வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. பணம் வரும். தாய் வருவாளா?

செய்ய வேண்டியது என்ன?

தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். மணிக்கு ஒரு தரம் தண்ணீரோ, நீர்மோரோ, கஞ்சியோ நீங்களே கொடுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். அவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ரேஷன் கடை, பாங்கி வேலைகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பகல் 11 மணி முதல் 4 மணி வரை முதியவர்களை வெயிலில் அனுப்பாதீர்கள். தகரக் கூரை வீடானால், மரத்தடிக்கோ பக்கத்து ஓட்டு வீட்டுக்கோ அழைத்துச் செல்லுங்கள். சூடான அறையில் மின்விசிறி மட்டும் போதாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு, விசிறியைப் போடுங்கள்.

வெளியூரில் இருப்பவர்கள் தினமும் பகலில் ஒருமுறை போன் செய்யுங்கள். "அம்மாவைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்.

உளறினால் அலட்சியம் வேண்டாம்!

உடம்பு அனலாய்க் கொதிக்கிறதா? பேச்சு குழறுகிறதா? ஆள் அடையாளம் தெரியவில்லையா? "வயசாகிவிட்டது, உளறுகிறார்" என்று இருந்துவிடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வருவதற்குள் நிழலில் படுக்கவைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

பிள்ளை அழும் முன்பே பசியறிந்து பால் கொடுத்தவள் தாய். அந்தத் தாய்க்கு, அவள் கேட்கும் முன்பே ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பது பெரிய காரியமா?