ராமனின் நிபந்தனைகள்

பிப்ரவரி 28, ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள், தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2020ஆம் ஆண்டு அந்நாளுக்கு அரசு தேர்ந்தெடுத்த கருப்பொருள் ‘அறிவியலில் பெண்கள்’. இதிலுள்ள முரண்நகையை உணர்ந்து தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டத் தேர்வில் முதலிடம் பெற்ற கமலா பாக்வத் (திருமணத்துக்குப் பின் கமலா சோஹோனி) பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வுக்கு விண்ணப்பித்தார். இயக்குநர் சி.வி. ராமன் மறுத்தார். மதிப்பெண்ணில் குறையில்லை, விண்ணப்பித்தவர் பெண், அவ்வளவே. கமலா விடாமல் போராடியபின் நிபந்தனைகளுடன் இடம் கிடைத்தது. முதலாண்டு முறையான மாணவியாகக் கருதப்பட மாட்டார். வழிகாட்டி சொன்னால் இரவிலும் வேலை செய்ய வேண்டும். ஆண் ஆய்வாளர்களின் கவனத்தைச் சிதறடிக்கக் கூடாது. அந்தக் கமலாதான் தாவரத் திசுக்களில் சைட்டோகுரோம் சி இருப்பதைக் கண்டறிந்து 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவரானார்.

‘அந்தக் காலம் அப்படி’ என்று உடனே ஒரு குரல் எழும். ஜானகி அம்மாள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது 1931இல். கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பணியாற்றியதும் அதே முப்பதுகளில்தான். காலத்தின் மீது பழிபோடுவது சௌகரியமானது. அதற்கு மேல் அந்த வாதத்தில் ஒன்றுமில்லை.

ராமனின் மேதைமையைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமல்ல. அவருடைய நிபந்தனைகள் காலாவதியாகிவிட்டன என்ற நம் நிம்மதியோடுதான் எனக்குச் சண்டை. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரங்களின் நிறமாலையை ஆராய்ந்து, தனி ஆசிரியராகவே ஐந்து கட்டுரைகள் வெளியிட்ட அன்னா மணி, 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டை அனுப்பினார். முதுகலைப் பட்டம் இல்லையென்று முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அந்த விதியில் ஆண், பெண் என்ற பேச்சே இல்லை என்பது உண்மை. இன்றைய விதிகளும் அப்படித்தான் நடுநிலையாகத் தோற்றமளிக்கின்றன. உதவிப் பேராசிரியர் பணிக்கு 35 வயதுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்பது நம் உயர்நிலை நிறுவனங்கள் பலவற்றின் வழக்கம். முனைவர் பட்டம், வெளிநாட்டு ஆய்வு, திருமணம், மகப்பேறு எல்லாம் வந்து குவிவதும் அந்த ஆண்டுகளில்தான். சில இடங்களில் பெண்களுக்கு மூன்றாண்டுச் சலுகை உண்டு. குழந்தை மூன்று வயதில் வளர்ந்துவிடுகிறது போலும்!

இடைவெளிக்குப் பின் திரும்பும் பெண்களுக்கென்று 2000களின் தொடக்கத்தில் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் அது தந்தது மூன்றாண்டு நிதி, பதவி அல்ல. கமலாவுக்கு ஓராண்டுத் தற்காலிகம், இவர்களுக்கு மூன்றாண்டு. கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் வேண்டாம் என்னும் எழுதப்படாத வழக்கம் வேறு. அதில் வெளியே நிற்பவர் பெரும்பாலும் யாரென்று சொல்லத் தேவையில்லை.

‘திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது, கலைச்செல்வியைப் பாருங்கள்’ என்பார்கள். பார்ப்போம். தமிழ்வழியில் பள்ளிப்படிப்பு முடித்த ந. கலைச்செல்வி 2022இல் சி.எஸ்.ஐ.ஆரின் தலைமை இயக்குநரானது நமக்கெல்லாம் பெருமை. அந்த அமைப்பு தொடங்கியது 1942இல். முதல் பெண் தலைவருக்கு எண்பது ஆண்டுகள் பிடித்தன. இயற்பியலுக்கான பட்நாகர் பரிசு 1958இல் கே.எஸ். கிருஷ்ணனுக்கு அளிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் பெண் அதிதி சென் தே, 2018இல். அறுபது ஆண்டுகளாக இந்திய இயற்பியலில் தகுதியான பெண்ணே இல்லை என்று நம்புவதைவிட, பரிந்துரைத்தவர்களுக்கும் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கண்ணில் கோளாறு என்று நம்புவது எனக்கு எளிதாக இருக்கிறது.

விழா எடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே ஒவ்வொரு நிறுவனமும் ஆசிரியப் பணிக்கு விண்ணப்பித்த பெண்கள் எத்தனை, நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்கள் எத்தனை, நியமிக்கப்பட்டவர்கள் எத்தனை என்ற மூன்று எண்களை ஆண்டுதோறும் வெளியிடட்டும். வயது வரம்பை எடுத்துவிட்டு, மகப்பேற்று ஆண்டுகளைக் கழித்து, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாண்டுகளைக் கணக்கிடட்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.