பழைய ஐஸ் பெட்டியில் புளிக்கும் பீர்!

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா என்று ஒரு மாநிலம் இருக்கிறது.

அங்கே ஒரு வீட்டில் கார் நிறுத்தும் கொட்டகை. அதன் மூலையில் 'பிரிட்ஜ்' என்கிற ஐஸ் பெட்டி ஒன்று நிற்கிறது. பழைய பெட்டிதான். ஆனால் ஓடுகிறது.

கதவைத் திறந்தால் உள்ளே பால் இல்லை. காய்கறி இல்லை. மூடி போட்ட பெரிய வாளி ஒன்று இருக்கிறது. மூடியில் செருகிய குழாய் வழியாகக் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறுகிறது.

வாளிக்குள் இருப்பது பீர். வீட்டுக்காரர் தாமே தயாரித்தது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். 2013-ம் ஆண்டு வரை அலபாமாவில் இந்த வாளி ஒரு குற்றப் பொருள்! எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலமான புளோரிடாவுக்குப் போய்விட்டால் அதே வாளி குற்றம் இல்லை. ஒரே நாடு, ஒரே வாளி. இந்தப் பக்கம் குற்றவாளி. அந்தப் பக்கம் நல்ல மனிதர்!

இது எப்படி வந்தது?

பீரை மறந்த சட்டம்

அமெரிக்காவில் 1920-ம் ஆண்டு மதுவிலக்கு வந்தது. 1933-ல் போயிற்று.

போன பிறகு, வீட்டில் திராட்சை மது செய்துகொள்ள அனுமதி கிடைத்தது. பீருக்கு மட்டும் அனுமதி இல்லை. சட்டத்தை எழுதிய குமாஸ்தா "பீர்" என்ற சொல்லை எழுத மறந்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, தடை மட்டும் 45 ஆண்டு நீடித்தது.

தடை இருந்தபோதும் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. நிலவறையில் பீர் புளித்தது. சமையல் அறையில் புளித்தது. ஆனால் திருட்டுத்தனமாகச் செய்கிற காரியத்தில் பக்குவம் எங்கே வரும்? "இப்படிச் செய்தேன், கெட்டுப்போயிற்று, நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கக்கூட முடியாதே!

பிரிட்டன் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. 1963-ம் ஆண்டு பட்ஜெட்டில் நிதி மந்திரி ரெஜினால்டு மாட்லிங், வீட்டு பீருக்கு லைசென்சு வேண்டாம் என்று எடுத்துவிட்டார்.

அமெரிக்காவில் 1978-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி ஜனாதிபதி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன் பீர் செய்துகொள்ளலாம். இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 காலன். அதாவது சுமார் 757 லிட்டர். வரி கிடையாது. ஆனால் விற்கக் கூடாது.

இது மத்திய சர்க்காரின் சட்டம். மது விஷயத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அதிகாரம் உண்டு. ஆகவே மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்டன. கடைசியில் மிஞ்சியவை மிசிசிப்பியும் அலபாமாவும். இரண்டும் 2013-ல்தான் இறங்கி வந்தன.

(தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, லைசென்சு இல்லாமல் மது தயாரித்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். வீட்டுக்குள் செய்தாலும் தப்ப முடியாது.)

சட்டத்தைவிடக் கண்டிப்பான எஜமான்

சட்டம் வழிவிட்டது. ஆனால் பீர் செய்கிறவருக்கு இன்னொரு எஜமான் இருக்கிறான். அவன்தான் உஷ்ணம்!

பார்லியை முளைக்கட்டி உலர்த்தி, வெந்நீரில் ஊற வைத்தால் இனிப்புச் சாறு கிடைக்கும். 'ஹாப்ஸ்' என்ற கொடியின் பூவை அதில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். கசப்பும் மணமும் அந்தப் பூவில் இருந்து வருகின்றன. ஆறிய பிறகு 'ஈஸ்ட்' சேர்ப்பார்கள். ரொட்டிக் கடையில் மாவைப் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட் இனம்தான்.

ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர். அது சர்க்கரையைத் தின்னும். மதுவையும் கரியமில வாயுவையும் வெளியே விடும். பீர் உண்டாவது இப்படித்தான்.

கோடையில் இட்லி மாவு பொங்கி வழிகிறது. மார்கழியில் விடிந்து பார்த்தாலும் அப்படியே கிடக்கிறது. தாய்மார்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஈஸ்ட்டும் அப்படித்தான்.

'ஏல்' என்ற வகை பீருக்குச் சுமார் 18 முதல் 20 டிகிரி சென்டிகிரேடு வேண்டும். 'லாகர்' வகைக்குச் சுமார் 10 டிகிரி. குளிர் அதிகமானால் ஈஸ்ட் தூங்கிவிடும். சூடு அதிகமானால் வெறி பிடித்தது போல் வேலை செய்யும். பீரில் சாராய நெடி அடிக்கும். சில சமயம் வாழைப்பழ வாடை வரும்.

இன்னொரு சங்கடம். ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூட்டை உண்டாக்குகிறது. அறையில் 20 டிகிரி என்றால் வாளிக்குள் 23, 24 என்று ஏறிவிடும். அறையின் உஷ்ணத்தைப் பார்த்து "எல்லாம் சரி" என்று இருந்தவர்கள் ஏமாந்தார்கள்.

கோடையில் பீர் செய்யாதே!

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்தது அல்ல.

ஜெர்மனியின் பவேரியாவில் 1553-ம் ஆண்டு ஆல்பிரெக்ட் பிரபு ஓர் உத்தரவு போட்டார். ஏப்ரல் 23-ந் தேதி முதல் செப்டம்பர் 29-ந் தேதி வரை யாரும் பீர் காய்ச்சக் கூடாது. காரணம், கோடைச் சூட்டில் பீர் கெட்டுப்போகும்.

ஆலைக்காரர்கள் பூமிக்கு அடியில் நிலவறை தோண்டினார்கள். மேலே நிழலுக்கு மரம் வைத்தார்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியை வெட்டி வண்டியில் ஏற்றி வந்து நிலவறையில் அடுக்கினார்கள். குளிர் குறைந்த ஆண்டில் பனிக்கட்டி கிடைக்காது. திண்டாட்டம்தான்.

1870-களில் மூனிக் நகரப் பேராசிரியர் கார்ல் லிண்டே குளிரூட்டும் எந்திரம் ஒன்றைச் செய்தார். அதற்குப் பணம் கொடுத்து உதவியவர்களில் முக்கியமானவர், அதே ஊரில் பீர் ஆலை நடத்திய செடல்மயர். லிண்டேயின் எந்திரத்தை முதலில் வாங்கியவையும் பீர் ஆலைகளே!

எந்திரக் குளிர் வளர்வதற்குப் பீர் ஆலைகள் பெரிய காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம். அந்தக் குளிர்தான் பிறகு சமையல் அறைக்கு வந்தது. இப்போது சமையல் அறையில் பழசாகிப் போன பெட்டி, மறுபடி பீர் வேலைக்கே திரும்பிவிட்டது.

பெட்டியை எப்படிப் பழக்குகிறார்கள்?

ஐஸ் பெட்டியை அப்படியே வைத்தால் பயன் இல்லை. அதன் குளிர் சுமார் 4 டிகிரி. அந்தக் குளிரில் ஏல் ஈஸ்ட் தூங்கிவிடும். ஆகவே வெளியே ஒரு சிறு கருவியை வைக்கிறார்கள். பெட்டியின் பிளக்கைச் சுவரில் செருகுவதில்லை. இந்தக் கருவியில் செருகுகிறார்கள். கருவியில் இருந்து ஒரு கம்பி உள்ளே போகிறது. உஷ்ணத்தை அளக்கும் முனை அதன் நுனியில் இருக்கிறது.

அந்த முனையைக் காற்றில் தொங்கவிடக் கூடாது. வாளியின் பக்கத்தில் ஒட்டி, மேலே பஞ்சு மெத்தை போல் ஏதாவது வைத்துக் கட்ட வேண்டும். அப்போதுதான் பீரின் சூடு தெரியும். காற்றின் சூட்டை அளந்தால் பெட்டி பொய்க் கணக்கில் ஓடும். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

19 டிகிரி என்று வைத்தால், சூடு அதற்கு மேல் போனதும் கருவி மின்சாரத்தை விடும், பெட்டி குளிரும். இறங்கியதும் நிறுத்தும். குளிர்காலத்தில் கொட்டகையே உறைந்து கிடக்கும். அப்போது கருவியின் இன்னொரு துளையில் சிறு சூட்டுப் பட்டை ஒன்றைச் செருகி வாளியைச் சுற்றிக் கட்டுவார்கள்.

கம்ப்ரசர் நின்றவுடன் மறுபடி ஓடினால் கெட்டுவிடும். சில நிமிஷம் ஓய்வு கொடுக்கும்படி கருவியில் ஏற்பாடு உண்டு. கம்பிக்காகப் பெட்டியின் பக்கச் சுவரில் கண்டபடி துளை போடுவது ஆபத்து. உள்ளே குளிர் வாயு ஓடும் குழாய் இருக்கலாம். சில பெட்டிகளில் அந்த வாயு தீப்பிடிக்கக் கூடியது. கதவு இடுக்கு வழியாகக் கம்பியை விடுவதே நல்லது.

குழந்தைகள் ஜாக்கிரதை!

அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஐஸ் பெட்டிகளுக்கு வெளியே தாழ்ப்பாள் இருந்தது. ஒளிந்து விளையாடிய குழந்தைகள் உள்ளே மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறி இறந்தார்கள். ஆகவே 1956-ல் தனிச் சட்டம் வந்தது. 1958-ம் ஆண்டு அக்டோபர் கடைசியில் இருந்து தயாராகும் பெட்டிகளை உள்ளே இருந்து தள்ளினால் திறக்க வேண்டும்.

அதற்கு முந்திய பெட்டி கைக்கு வந்தால் முதல் வேலை தாழ்ப்பாளைக் கழற்றுவதுதான். பீர் எல்லாம் பிறகு!

படுக்கை வசமான 'பிரீசர்' பெட்டியில் வேறு அபாயமும் உண்டு. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. பெட்டியின் அடியில் தேங்கி நிற்கும். மூடியைத் திறந்தவுடன் தலையை உள்ளே நுழைக்கக் கூடாது. வாளியின் மூடியில் குழாய் வைப்பதும் இந்த வாயு வெளியேறத்தான். அடைத்து வைத்தால் வாளி வெடிக்கும்.

கொட்டகையில் இருந்து ஆலைக்கு

1978-ல் அமெரிக்கா முழுவதும் சேர்த்து நூற்றுக்கும் குறைந்த பீர் ஆலைகளே இருந்தன. பெரிய கம்பெனிகள் சிறியவற்றை விழுங்கிவிட்டிருந்தன. கடையில் கிடைத்ததெல்லாம் ஏறக்குறைய ஒரே ருசி.

கலிபோர்னியாவில் சிக்கோ என்ற ஊர். அங்கே கென் கிராஸ்மன் என்ற இளைஞர், வீட்டு பீருக்கு வேண்டிய சாமான்களை விற்கும் கடை வைத்திருந்தார். 1980-ல் அவரே பால் பண்ணைகளின் பழைய பாத்திரங்களை வாங்கிச் சிறு ஆலை தொடங்கினார். அதுதான் 'சியரா நெவாடா' கம்பெனி. வீட்டு வாளியில் கைப்பழக்கம் பெற்ற பலர் அதே வழியில் போனார்கள். இன்று அமெரிக்காவில் 9 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன.

வாளியைத் திறந்துவிட்டதால் நாடு முழுவதும் குடியில் மூழ்கும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது; குடியால் கெட்ட குடும்பங்கள் அங்கேயும் உண்டு. ஆனால் இரண்டு வாரம் காத்திருந்து, பாத்திரம் கழுவி, உஷ்ணம் பார்த்து 19 லிட்டர் பீர் எடுக்கிறவர், குடிக்க அவசரப்படுகிறவர் அல்ல. அவசரக்காரருக்குக் கடை இருக்கிறது!

வீட்டில் சாராயம் வடிப்பது மட்டும் இதில் சேராது. அதற்கு மத்திய சட்டத்தில் 5 ஆண்டு வரை ஜெயில் என்று எழுதியிருக்கிறது. 2024 ஜூலையில் டெக்சாசில் ஒரு மத்திய நீதிபதி, அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தார். வழக்குத் தொடுத்த சங்கத்தாருக்கு மட்டுமே அந்தத் தீர்ப்புப் பொருந்தும் என்றும் சொன்னார். சர்க்கார் அப்பீல் செய்தது.

அதே 2024-ல் இன்னொன்றும் நடந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு முதல் தடவையாக, புதிதாகத் திறந்த சிறு பீர் ஆலைகளைவிட மூடியவை அதிகம். சாமான் விலை ஏறியது, வாங்குகிறவர் குறைந்தார்கள். கொட்டகைப் பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை. அதற்கு வாடகை கிடையாது, கூலி கிடையாது. மின்சாரக் கட்டணம் ஒன்றுதான்.